ஆமையின் கண்ணும் அது வாழும் இடமும்

கண்ணைத் திறக்காத ஆமை சாப்பிடாது. நில ஆமை உணவைத் தேடுவது முதலில் கண்ணால்தான். சற்றுத் தொலைவிலேயே இலையின் பச்சையையும் பூவின் மஞ்சளையும் பார்த்து நகர்ந்து வரும், பக்கத்தில் வந்தபின் முகர்ந்து பார்க்கும், பிறகே கடிக்கும். இமை வீங்கி மூடிக்கொண்டால் முதல் படியே தவறிப்போகிறது. தட்டு நிறைய இலை இருந்தும் அது பட்டினி கிடக்கிறது. தண்ணீரைத் தேடிப் போவதில்லை. சூட்டு விளக்கின் அடிக்கும் நகர்வதில்லை, அதனால் உடம்பு சூடேறுவதில்லை. சூடேறாத ஆமையின் குடலில் செரிமானம் சரியாக நடக்காது. நோயை எதிர்க்கும் அணுக்களும் மந்தப்பட்டுவிடும். இமையில் தொடங்கிய தொல்லை கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் உயிருக்கே உலை வைக்கும்.

அந்தச் சமயத்தில் வளர்ப்பவர் தேடி ஓடுவது சொட்டு மருந்தைத்தான். மருந்து விட்டதும் கண் தெளிகிறது; நிறுத்தினால் மீண்டும் வீங்குகிறது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் கண்நோய்க்குக் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு வெளியே இருக்கிறது. தலைக்கு மேல் தொங்கும் விளக்கு, காலடியில் கிடக்கும் மண், சுற்றியுள்ள காற்றின் சூடும் ஈரமும், தினமும் தட்டில் விழும் உணவு. இவற்றில் ஒன்று பிசகினால் அதை முதலில் காட்டிக்கொடுக்கும் உறுப்புகளில் கண்ணும் ஒன்று. ஆகவே ஆமைக்கு வைத்தியம் பார்க்க நினைப்பவர் அது வாழும் இடத்துக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

வடிகால் இல்லாத கண்

நம் கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு ஒரு சிறு குழாய் போகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது அதனால்தான். ஆமைகளுக்கு அந்தக் குழாய் கிடையாது. சுரந்த கண்ணீர் இமையோரத்தில் தங்கி ஆவியாகும், அல்லது கன்னத்தில் வழிந்துவிடும். எனவே நல்ல உடல்நிலையில் இருக்கும் ஆமையின் கண்ணோரத்தில் லேசான ஈரம் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. நுரை, பசை, பொருக்கு, வீக்கம் ஆகியவைதான் கவலைக்குரியவை.

கண்ணை ஈரமாக வைத்திருப்பவை இரண்டு சுரப்பிகள். ஒன்று கண்ணீர்ச் சுரப்பி, மற்றொன்று ஹார்டர் சுரப்பி. ஆமையின் இமைகளில் கீழிமையே பெரியது, அதிகம் அசைவதும் அதுதான். உள்ளே மூன்றாவதாக ஓர் இமைப் படலம் விழியின் குறுக்கே ஓடித் துடைக்கிறது. விழிக்கோளத்துக்குள் சிறு எலும்புத் தகடுகள் வளையமாக அடுக்கப்பட்டு அதன் வடிவத்தைத் தாங்குகின்றன. விழித்திரையின் கூம்பு அணுக்களில் நிறமுள்ள எண்ணெய்த் துளிகள் இருக்கின்றன. நிறங்களை நுட்பமாகப் பிரித்தறிய இவை உதவுகின்றன. சிவப்புக் காது ஆமை என்னும் நன்னீர் ஆமை நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியின் ஒரு பகுதியைக்கூடப் பார்க்கிறது. ஒளியோடு இவ்வளவு நெருங்கிய உறவுள்ள உயிருக்கு விளக்கைத் தேர்ந்தெடுப்பது சிறிய விஷயமல்ல.

மருத்துவத்துக்கு முக்கியமான இன்னொரு செய்தியும் உண்டு. ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதுபோல் திரவமாக இருக்காது. சீழைக் கரைக்கும் நொதிகள் அவற்றின் வெள்ளணுக்களில் குறைவு என்பதால் அது பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். வீங்கிய இமைக்குள் அப்படி ஒரு கட்டி உட்கார்ந்திருந்தால் வெளியிலிருந்து விடும் சொட்டு மருந்து அதைக் கரைக்காது. கால்நடை மருத்துவர்தான் அதைப் பக்குவமாக எடுக்க வேண்டும். வீட்டில் பிதுக்கி எடுக்க முயன்றால் கருவிழிப் படலம் கிழியக்கூடும்.

வைட்டமின் ஏ: குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாணய அளவே உள்ள நன்னீர் ஆமைக் குஞ்சுகள் பொம்மை விற்பதுபோல் கடைகளில் விற்கப்பட்டன. பிளாஸ்டிக் தொட்டி, சிறிது தண்ணீர், உலர்ந்த பூச்சித் தீனி. சில மாதங்களில் அவற்றின் கண்கள் வீங்கி மூடின, பெரும்பாலானவை இறந்தன. தொற்றுநோய் என்றே பலர் எண்ணினார்கள். 1967-ல் எல்கான், ஸ்வார்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள், நன்னீர் ஆமைக் குஞ்சுகளின் இந்தக் கண்நோய்க்குக் காரணம் வைட்டமின் ஏ குறைபாடு என்று விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

சுரப்பிகளின் நாளங்களையும் இமையின் உட்புறத்தையும் மென்மையான, ஈரம் சுரக்கும் அணுக்கள் போர்த்தியிருக்கின்றன. அந்த அணுக்கள் தம் இயல்பில் நிலைத்திருக்க வைட்டமின் ஏ வேண்டும். அது போதாதபோது அவை தட்டையாகி, கெரட்டின் என்னும் நகப்பொருளை உண்டாக்கத் தொடங்குகின்றன. உதிர்ந்த கெரட்டின் நாளத்தை அடைக்கிறது, சுரப்பி உப்புகிறது, இமை வீங்கி மூடிக்கொள்கிறது. ஈரம் வற்றிய இடத்தில் பாக்டீரியா குடியேறுகிறது. நாம் கண்ணில் பார்க்கும் தொற்று இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. ஆன்டிபயாட்டிக் சொட்டு அந்தக் கடைசிக் கண்ணியை மட்டுமே அறுக்கிறது. இதே மாற்றம் மூச்சுக்குழாயிலும் சிறுநீரகத்திலும் நடக்கிறது என்பதால் கண் வீங்கிய ஆமைக்கு மூச்சுத் தொல்லையும் சேர்ந்து வருவதுண்டு.

குஞ்சு ஆமைகளின் வணிகத்துக்கு அமெரிக்கா 1975-ல் கடிவாளம் போட்டது. குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா தொற்று பரவியதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் தடை விதித்தது. ஆனால் சிவப்புக் காது ஆமைகள் அதற்குப் பிறகும் உலகெங்கும் போயின. தமிழ்நாட்டிலும் வண்ணமீன் தொட்டிகளோடு சேர்த்து இவற்றை வாங்கி, உலர்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகள் இருக்கின்றன. 1967-ல் விளக்கப்பட்ட அதே நோயை அந்தத் தொட்டிகளில் இன்றும் காணலாம்.

இதை நில ஆமைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு. மத்தியதரைக்கடல் ஓரத்து ஹெர்மன் ஆமையும் மத்திய ஆசியாவின் ரஷ்ய ஆமையும் இலைதழை தின்பவை. பச்சை இலையிலுள்ள பீட்டா கரோட்டினிலிருந்து அவற்றின் உடல் வைட்டமின் ஏயைத் தயாரித்துக்கொள்ளும். சீமைக் காட்டுமுள்ளங்கி, வாழையிலைப்பூண்டு போன்ற களைச்செடிகளைப் பலவகையாக மேயும் ஆமைக்கு இந்தக் குறைபாடு அரிது. வெளுத்த லெட்டூஸும் வெள்ளரிக்காயும் மட்டும் தின்னும் ஆமைக்கு வரலாம்.

கண் வீங்கியதைப் பார்த்தவுடன் வைட்டமின் ஏ ஊசி போடும் வழக்கத்தால் நேர்ந்த கேடு அதிகம். இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. மிகுந்தால் சிறுநீரில் வெளியேறாமல் கல்லீரலில் சேரும். அளவு மீறினால் கழுத்து, கால்களின் தோல் முதலில் வறண்டு செதிலாகும், பிறகு தாள் தாளாக உரிந்து பச்சைப் புண்ணாகும். குறைபாட்டுக்கு உண்மையான ஆதாரம் இருந்தால் மட்டுமே, மருத்துவர் கணக்கிட்ட அளவில், இயன்றவரை வாய்வழியாகக் கொடுப்பது பாதுகாப்பானது.

விளக்கு சுட்ட கண்கள்

ஆமையின் தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப்பொருள் 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா-பி கதிர் பட்டதும் வைட்டமின் டி3-இன் முன்வடிவமாகிறது. உடல் வெப்பம் அதை டி3 ஆக மாற்றுகிறது. டி3 இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேராது, ஓடு மெத்தென்றாகும். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதா-பியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும் என்பதால் கண்ணாடி வழியே விழும் வெயில் இதற்கு உதவாது. வீட்டுக்குள் வாழும் ஆமைக்குப் புற ஊதா விளக்கு அவசியமானது இப்படித்தான்.

2006, 2007 வாக்கில் அந்த விளக்கே சில ஆமைகளின் கண்களைச் சுட்டது. அப்போது சந்தைக்கு வந்த சிறு சுருள் வடிவ ஒளிர்விளக்குகளில் சிலவற்றைப் பொருத்திய சில நாட்களிலேயே ஆமைகளும் பல்லியினங்களும் கண்ணை இறுக மூடிக்கொண்டன, சாப்பாட்டை விட்டன. வேல்ஸைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் பிரான்சிஸ் பெய்ன்ஸ் அந்த விளக்குகளின் ஒளியைப் பகுத்து அளந்தார். வளிமண்டலத்தின் ஓசோன் 290 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிர்களைத் தரைக்கு விடுவதில்லை. இந்த விளக்குகளோ அந்த எல்லைக்கும் கீழே, எந்த ஆமையும் தன் பரிணாம வரலாற்றில் சந்தித்திராத கதிர்களை வீசிக்கொண்டிருந்தன. கருவிழிப் படலமும் இமையின் உட்படலமும் அதை உறிஞ்சி வெந்துபோயின. விளக்கை அகற்றியதும் பெரும்பாலான விலங்குகள் தேறின. ஒரு மலைப்பாம்புக்கும் நீலநாக்கு அரணைக்கும் இப்படி ஏற்பட்ட கண், தோல் பாதிப்பைப் பற்றி 2009-ல் பெய்ன்ஸும் வேறு இரு ஆய்வாளர்களும் கட்டுரை எழுதினார்கள். அந்த விளக்குகளின் ஒளிர்பூச்சு பின்னர் மாற்றப்பட்டது.

கதிரின் அளவைப் போலவே அது வரும் திசையும் முக்கியம். வெட்டவெளியில் புற ஊதா-பி உச்சத்தில் இருப்பது சூரியன் தலைக்கு மேல் நிற்கும் நடுப்பகலில். அப்போது புருவ மேடும் மேலிமையும் விழிக்கு நிழல் தருகின்றன. சூரியன் கண்மட்டத்துக்கு இறங்கும் காலையிலும் மாலையிலும் புற ஊதா-பி மிகக் குறைவு. இப்படி இயற்கையில் கண்ணுக்கு இரட்டைப் பாதுகாப்பு. விளக்கைப் பக்கவாட்டில் பொருத்தினால் அந்தப் பாதுகாப்பு இரண்டும் போய்விடும். நல்ல விளக்குகூடக் கண்ணுக்குள் நேரே பாயும். விளக்கு மேலிருந்து கீழ்நோக்கியே எரிய வேண்டும்.

எவ்வளவு கதிர் போதும் என்பதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. கேரி பெர்குசனும் உடன் ஆய்வாளர்களும் பல்லிகளும் பாம்புகளும் வாழும் வெளிகளிலேயே புற ஊதாக் குறியீட்டை அளந்து, 2010-ல் ஊர்வனவற்றை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். வெயிலில் காயும் வழக்கமுள்ளவை 3-ஆம் மண்டலம். அவை ஒரு நாளில் சராசரியாகச் சந்திப்பது 1.0 முதல் 2.6 வரையிலான குறியீடு. மத்தியதரைக்கடல் ஆமைகளுக்கு இந்த மண்டலத்தை அடிப்படையாகக் கொள்ளலாம். கையடக்கமான குறியீட்டுமானி ஒன்றை ஆமையின் முதுகு மட்டத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவதை நம்ப முடியாது. வெளிச்சம் குறையாமலே அதன் புற ஊதா-பி மாதக்கணக்கில் தேய்ந்துபோகும். இடையில் கம்பிவலை இருந்தாலும் கணிசமாகக் குறையும்.

சூடும் ஈரமும்

சூட்டுக்காக எரியும் விளக்கு காற்றை உலர்த்துகிறது. அடியில் உலர்ந்த மணலோ வைக்கோல் தூளோ மரச்சீவலோ இருந்தால் ஆமை நடக்கும்போதெல்லாம் தூசி எழும். தரையோடு ஒட்டி நடக்கும் அதன் கண்கள் அந்தத் தூசி மண்டலத்துக்குள்ளேயே இருக்கின்றன. இமைக்கடியில் ஒட்டும் துகள் உறுத்துகிறது. ஆமை முன்னங்காலால் தேய்க்கிறது. கருவிழிப் படலத்தில் கீறல் விழுகிறது. தேவதாரு, பைன் சீவல்களின் வாசனை எண்ணெய்களும் எரிச்சலூட்டும். மாற்றாமல் விட்ட ஈர மண்ணில் சிறுநீரிலிருந்து அம்மோனியா எழுந்தால் அதுவும் கண்ணைச் சுடும்.

தண்ணீர் போதாத ஆமையின் கண் வீங்காது, குழிக்குள் அமுங்கும். குஞ்சுகளுக்கு இது சீக்கிரம் வரும். வெதுவெதுப்பான நீரை, தலை சிரமமின்றி மேலே நிற்கும் ஆழத்துக்கு ஒரு தட்டில் ஊற்றி அதில் நிற்கவிட்டால் ஆமை தானே குடிக்கும். முகத்தில் ஒட்டிய தூசியும் நனைந்து கழன்றுவிடும்.

பாலைவன ஓரத்து ஆமை என்றால் உலர்ந்த இடம்தான் பொருத்தம் என்ற நம்பிக்கையை வியன்னாவில் நடந்த ஓர் ஆய்வு அசைத்தது. ஆப்பிரிக்காவின் சல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் புரத அளவிலும் வளர்த்த வீஸ்னரும் ஈபெனும், ஓட்டில் மேடு மேடாகக் கூம்பு எழுவதற்கு உணவின் புரதத்தைவிட உலர்ந்த சூழலே பெரிய காரணம் என்று 2003-ல் காட்டினார்கள். இயற்கையில் அந்தக் குஞ்சு வெளியே வெயில் தகிக்கும்போது வளைக்குள் இருக்கிறது. வளைக்குள் ஈரம் இருக்கிறது. வானிலை அறிக்கையில் வரும் பாலைவனம் வேறு, ஆமை உண்மையில் வாழும் பாலைவனம் வேறு.

கிருமியும் குளிரும்

சில கண்நோய்கள் ஆமையிடமிருந்து ஆமைக்குத் தொற்றுபவை. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவன ஆமைகளில் 1980-களின் இறுதியில் இமை வீக்கமும் மூக்கொழுகலும் பரவலாகக் காணப்பட்டன. 1990-ல் அமெரிக்கா அந்த ஆமையை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டதற்கான காரணங்களில் இந்த நோயும் ஒன்று. மைக்கோபிளாஸ்மா அகஸிஸி என்னும் நுண்ணுயிரே காரணம் என்பது 1994-ல் நிறுவப்பட்டது. வீடுகளில் வளர்க்கப்பட்டுப் பின் காட்டில் விடப்பட்ட ஆமைகள் நோயைப் பரப்பியிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. ஹெர்பிஸ் வைரஸும் கண், வாய் இரண்டையும் தாக்கும். புதிதாக வந்த ஆமையைப் பழைய ஆமைகளோடு உடனே சேர்க்காமல் பல மாதங்கள் தனியே வைப்பதும், வெவ்வேறு இனங்களை ஒரே இடத்தில் கலக்காமலிருப்பதும் இதனால்தான் கட்டாயம்.

பிரிட்டனில் வேறொரு கேடு. பல்லாண்டுகளாக மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து அங்கே ஏராளமான ஆமைகள் இறக்குமதியாயின. ஐரோப்பியச் சட்டம் 1984-ல் அந்த வணிகத்தை நிறுத்தியது. அவை குளிர்காலத்தில் உறங்குபவை. தாயகத்தில் மண்ணுக்கடியில் உறங்கும் ஆமையை அங்கே பெட்டியில் வைத்துத் தோட்டக் கொட்டகையில் விட்டார்கள். உறக்கத்துக்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ். கொட்டகைக்குள் அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய இரவுகளில் கண்ணுக்குள் உறைபனி புகுந்தது. வசந்தத்தில் எழுந்த ஆமைகளில் சில பார்வையின்றி வட்டமடித்தன. லென்ஸ் மங்கியிருந்தது, விழித்திரை சிதைந்திருந்தது. மார்ட்டின் லாட்டன் உள்ளிட்ட பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர்கள் 1980-களின் இறுதியில் இதை விவரித்தார்கள். பொறுமையாகக் கையால் ஊட்டிக் காப்பாற்றப்பட்ட சில ஆமைகளுக்குப் பல மாதங்கள் கழித்துப் பார்வை ஓரளவு திரும்பியது.

பார்வை திரும்பாவிட்டாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. செயின்ட் ஹெலினா தீவில் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் வாழ்ந்துவரும் ஜோனதன் என்னும் ராட்சத ஆமை 1832 வாக்கில் பிறந்ததாகக் கணிக்கப்படுகிறது. கண்புரையால் பார்வை போனது, மோப்ப சக்தியும் போனது. உணவைச் சரியாகக் கண்டெடுக்க முடியாமல் சத்துக் குறைந்து அதன் அலகு மழுங்கியது. கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் வாரந்தோறும் பழமும் காய்கறியும் கையால் ஊட்டும் ஏற்பாட்டைச் செய்தபின் அலகு மீண்டும் கூர்மையானது. உணவு மாறினால் உடல் எவ்வளவு முதிர்ந்த வயதிலும் பதில் சொல்லும்.

ஒரு கண்ணா, இரு கண்ணா?

ஒரே ஒரு கண் மட்டும் சிவந்து மூடியிருந்தால் துகளோ விதையோ கீறலோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே சமயத்தில் மூடினால் சந்தேகம் விளக்கின் மேலும் உணவின் மேலும் தொற்றின் மேலும் போக வேண்டும். அண்மையில் விளக்கு மாற்றப்பட்டதா என்பதே முதல் கேள்வி. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல் இருந்தால் தொற்று. இரு கண்களும் குழிந்திருந்தால் நீரிழப்பு.

வீட்டில் செய்யக்கூடியது, கிருமிநீக்கிய உப்புக்கரைசலால் கண்ணை மெல்லக் கழுவுவது மட்டுமே. மனிதருக்கு எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை ஆமைக்கு விடக்கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், புண் ஆறாமல் ஆழமாகும். மருத்துவர் பச்சையாக ஒளிரும் சாயத்தை விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்த்தபின்பே மருந்தைத் தீர்மானிப்பார். மருத்துவரிடம் போகும்போது வளர்ப்பிடத்தின் படம், விளக்கின் பெயரும் வயதும், ஒரு வாரத்து உணவுப் பட்டியல் இவற்றையும் கொண்டுபோனால் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

தேர்ந்தெடுக்கும் உரிமை

இத்தாலியிலோ கிரீஸிலோ ஒரு ஹெர்மன் ஆமை காலையில் வெயிலுக்கு வருகிறது, சூடேறியதும் மேய்கிறது, உச்சிவேளையில் புதர்நிழலுக்குப் போகிறது, ஈரமண்ணைத் தோண்டிப் படுக்கிறது. தன் வெப்பத்தையும் ஈரத்தையும் கதிரையும் தானே நடந்து நடந்து சரிசெய்துகொள்கிறது. வீட்டுக்குள் அடைத்தபோது நாம் அதனிடமிருந்து பறித்தது இந்த உரிமையைத்தான். எங்கும் ஒரே சூடு, ஒரே வெளிச்சம், ஒரே வறட்சி என்றிருக்கும் தொட்டியில், உறுத்தும் விளக்கிலிருந்து விலகிப் போக இடமில்லை. கண்ணை மூடிக்கொள்வது ஒன்றே அதற்கு மிஞ்சிய வழி.

நல்ல வளர்ப்பிடம் அந்த உரிமையைத் திருப்பித் தருகிறது. நீளம் வேண்டும், ஒரு முனையில் 32 முதல் 35 டிகிரி வரை சூடான வெயில்திட்டு, மறுமுனையில் 20-ஐ ஒட்டிய குளிர்ச்சி. சூட்டு விளக்கும் புற ஊதா விளக்கும் ஒரே முனையில், இரண்டும் மேலிருந்து. குளிர்ந்த முனையில் இருட்டான மறைவிடம், அதற்குள் கையால் பிடித்தால் சேர்ந்து நிற்கும் அளவு ஈரமான மண். தோண்டும் ஆழத்துக்குத் தோட்டமண்ணும் தேங்காய்நார்க் கழிவும். எளிதில் ஏறி இறங்கக்கூடிய தண்ணீர்த் தட்டு. இரவில் விளக்கு எதுவும் வேண்டாம். தோட்டமும் ஏற்ற தட்பவெப்பமும் இருந்தால் வேலியிட்ட திறந்தவெளியே எல்லாவற்றிலும் சிறந்தது.

இந்தியாவில் இதைப் படிப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. நம் வறண்ட காடுகளுக்கு உரிய நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது; 2019-ல் பன்னாட்டு வணிகத்துக்கும் முழுத் தடை வந்தது. அதிர்ஷ்டம் தரும் என்ற நம்பிக்கையில் யாராவது வைத்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே அந்த ஆமைக்குச் செய்யும் நன்மை. அதற்குப் பொருத்தமான வளர்ப்பிடம் நம் கூடத்தில் இல்லை.

சட்டப்படி ஆமை வளர்ப்பவர், கண் மூடிய ஆமையைப் பார்த்த அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அதே நாளில் வெப்பமானியையும் ஈரமானியையும் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு வாங்கிய தேதியைத் தேடி எடுக்க வேண்டும். ஆமை நன்றாக இருந்தால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். சொட்டு மருந்து ஒரு வாரத்துக்கு உதவும். மீதமுள்ள ஆண்டுகள் முழுவதும் அதன் கண்ணைக் காக்கப்போவது அது வாழும் இடம்தான். அதைச் சரியாக அமைப்பது நம் கையில் இருக்கிறது.